லயத்து வாசலில் தை
மலையும் கொழுந்தும் – 12

விதுரையைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறினால் போனக்காடு. தை பிறக்கிற சமயத்தில் இங்கே ஆள் நடமாட்டம் கூடும். 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலைக்கு வனத்துறை அனுமதி தரும் காலம் அது. ஏறுபவர்கள் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகிறார்கள். மூடிக் கிடக்கும் தேயிலை பேக்டரியையும், பேய் உலவுவதாகச் சொல்லப்படும் துரை பங்களாவையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இன்னும் குடித்தனம் நடப்பது பலர் கண்ணில் படுவதில்லை.

வெள்ளைக்காரர் போட்ட எஸ்டேட் இது. கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிய குடும்பங்களோடு பொங்கலும் மலையேறியது. கேரள அரசு பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை தரும் ஆறு மாவட்டங்களில் திருவனந்தபுரமும் ஒன்று.

பொங்கல் நன்றி சொல்லும் நாள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். சூரியனுக்கு, மழைக்கு, மாட்டுக்கு. ஆனால் லயத்து வாசலில் மூன்று கல் கூட்டி, சுள்ளி எரித்துப் பொங்குகிற பானையில் இருப்பது சொந்த வயல் அரிசி அல்ல, கடையில் வாங்கியது. விளைவித்தது தேயிலை, அதைக் குடித்ததும் விற்றதும் வேறு யாரோ. எனக்கு மாட்டுப் பொங்கல்தான் இந்தப் பண்டிகையின் உயிர் என்று தோன்றும். அன்று மாட்டை ஏரில் பூட்ட மாட்டார்கள். குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, முதல் கவளத்தை அதற்கு ஊட்டிய பிறகே வீட்டில் சாப்பாடு. உழைத்த உயிருக்கு வாய்ச்சொல்லோடு நிற்காமல், கையால் திருப்பிக் கொடுக்கிறோம்.

எஸ்டேட்டில் அப்படித் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் கிராஜுவிட்டி. 1972-இல் வந்த சட்டம், ஐந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டு, வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்கச் சொன்னது. போனக்காட்டில் நிர்வாகம் தோட்டத்தைக் கைவிட்டுப் போனபோது சம்பள பாக்கியும் கிராஜுவிட்டியும் நிலுவையில் நின்றன. பலர் மலையிறங்கிப் போனார்கள். தங்கியவர்கள் ஒழுகும் கூரைக்கடியில் தங்கினார்கள். இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்தியிருந்த தேயிலைச் செடி, கவ்வாத்துப் பார்க்க ஆளில்லாமல் மரமாக வளர்ந்து, உச்சியில் வெள்ளைப் பூ பூத்து நிற்கிறது. கைக்கு எட்டாத கொழுந்தை யார் பறிப்பது?

இதே மலைகளில் பெய்யும் மழைதான் பேப்பாறை அணைக்கு இறங்கி, திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீராகிறது. நகரத்துக்காரர்களும் இந்தக் கணக்கில் சம்பந்தப்பட்டவர்கள்தான்.

கிராஜுவிட்டி பாக்கியை வட்டியோடு கலெக்டர் மூலம் வசூலிக்க அந்த 1972 சட்டமே வழி வைத்தது. தொழிலாளி இறந்துபோயிருந்தால் வாரிசுக்குச் சேர வேண்டும். வயதாகிக்கொண்டிருப்பவர்களை மேலும் காக்க வைக்காமல், இன்னும் பணம் வந்து சேராத ஒவ்வொருவரின் கணக்கையும் கேரள அரசு எடுத்துப் பார்த்து, அடுத்த தைக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

(தொடரும்)