நல்ல இணையத்தளம் எது? புள்ளியிடும் தகுதி எமக்கும் உண்டு

கோலப் போட்டி, பாட்டுப் போட்டி, பேச்சுப் போட்டி என்று பல போட்டிகளை நாம் பாடசாலைக் காலத்திலிருந்தே கண்டு வந்திருக்கிறோம். நடுவர்கள் முன்வரிசையில் இருந்து இதற்கு இத்தனை புள்ளி, அதற்கு இத்தனை புள்ளி என்று பிரித்துப் போடுவார்கள். இணையத்தளங்களுக்கும் அவ்வாறான போட்டிகள் நடைபெறுகின்றன என்பது எம்மில் பலர் அறியாத விடயமாகும். அறிந்தவர்களும் "அது கணினி படித்தவர்களின் காரியம், எமக்கென்ன?" என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

அவ்வாறு ஒதுக்கிவிட முடியாத காலத்தில் நாம் வாழ்கிறோம். பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில் வருகின்றது. அரச உதவிகள் பற்றிய அறிவித்தல்களும் படிவங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுபவர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். நாம் பின்னும் பனையோலைப் பெட்டியை விற்றுத் தருவதாகச் சொல்பவர்களும் முதலில் ஓர் இணையத்தளத்தையே திறக்கிறார்கள். எனவே ஓர் இணையத்தளம் நல்லதா, கெட்டதா என்பதை நடுவர்கள் எவ்வாறு தீர்மானிக்கிறார்கள் என்று அறிந்து கொள்வது எமக்கும் பயன் தரும்.

நடுவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

இத்துறையில் உலகளவில் பெயர் பெற்றது 'வெபி' விருது. அமெரிக்காவில் 1996இல் டிஃபனி ஷ்லேய்ன் என்ற பெண்மணியால் ஆரம்பிக்கப்பட்டது. பரிசு பெறுபவர் மேடையில் ஐந்தே சொற்களில் நன்றி சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்பது அதன் சுவையான விதி. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பரிசுகள் உண்டு. ஒன்றைத் துறைசார்ந்த நடுவர்கள் தெரிவு செய்கின்றனர். மற்றையதைப் பொதுமக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர்.

இணையத்தளங்களை மதிப்பிட அங்கு ஆறு அளவுகோல்கள் உள்ளன. உள்ளடக்கம், ஒழுங்கமைப்பும் வழிகாட்டலும், பார்வைக்கான வடிவமைப்பு, செயற்பாடு, பயன்படுத்துபவருடனான ஊடாட்டம், மொத்த அனுபவம் என்பனவே அவை.

கேட்பதற்குக் கடினமாக இருந்தாலும் ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தால் எளிதாக விளங்கும். வீட்டில் என்ன இருக்கிறது என்பது உள்ளடக்கம். வாசலில் நுழைந்தவர் குசினியையும் கிணற்றடியையும் யாரையும் கேளாமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது ஒழுங்கமைப்பு. சுவரின் நிறமும் முற்றத்துப் பூமரமும் வடிவமைப்பு. கதவு திறக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது செயற்பாடு. கூப்பிட்டால் உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்பது ஊடாட்டம். வெளியே வரும்போது "இன்னொரு நாள் வரவேண்டும்" என்று மனம் சொல்கிறதா என்பதுதான் மொத்த அனுபவம். ஆறில் ஒன்று மட்டுமே அழகைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

அழகு மயக்கும்

ஆனால் மனித மனம் அழகுக்கு இலகுவில் விலை போய்விடுகின்றது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 2,684 பேர் கலந்து கொண்டனர். இணையத்தளங்களைக் காட்டி, எது நம்பத்தக்கது, ஏன் என்று அவர்களிடம் கேட்டார்கள். வந்த கருத்துகளில் ஏறத்தாழ 46 சதவீதமானவை தளத்தின் வெளித்தோற்றத்தைப் பற்றியனவாகவே இருந்தன. தகவல் சரியானதா, யார் எழுதியது என்ற கேள்விகள் அதற்குப் பின்னால்தான் வந்தன.

சமூகவியல் படித்தவள் என்ற வகையில் இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. வெள்ளைச் சேட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வந்த முகவரை நம்பிக் காணி உறுதியை ஈடு வைத்த பெண்களை எமது கிராமங்களில் கண்டிருக்கிறேன். பளபளக்கும் இணையத்தளமும் ஒரு கழுத்துப்பட்டிதான். வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்லும் தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த முகவர் நிலையத்துக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று விசாரித்த பின்னரே ஒரு ரூபாயேனும் கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி ஒரு தளம் விபரம் கேட்டால் அதன் முகவரி 'கொவ் டொட் எல்கே' என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முடிவு அரச நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுவது.

எல்லோருக்கும் திறக்கும் கதவு

இணையத்துக்கான பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற சர்வதேச அமைப்பு, வலுக்குறைந்தோரும் பயன்படுத்தக்கூடிய தளம் எவ்வாறு இருக்க வேண்டும் என்ற வழிகாட்டலை 1999இல் முதன்முதலாக வெளியிட்டது. அதன் பிந்திய பதிப்பு ஒன்று 2023இல் வந்தது. பார்வையற்றவரின் கணினி வாசித்துச் சொல்லத்தக்கதாக ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் விளக்கம் இருக்க வேண்டும். சுட்டியைப் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையால் மட்டும் முழுத் தளத்தையும் பயன்படுத்த முடிய வேண்டும். எழுத்தும் பின்னணி நிறமும் ஒன்றோடொன்று கலந்து மங்கிப் போகக்கூடாது. சாதாரண எழுத்துக்கு இந்த வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள்.

எறிகணையில் கண்ணை இழந்தவர்களும் கையை இழந்தவர்களும் எமது சங்கங்களில் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இவை வெறும் தொழில்நுட்ப விதிகள் அல்ல. பிறர் உதவியின்றித் தன் காரியத்தைத் தானே பார்க்கும் உரிமை அது.

மொழியும் இவ்வாறே. முன்னர் தமிழ்த் தளங்கள் பல 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யுனிகோட் முறை பரவிய பின்னர் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது. 2010இல் '.இலங்கை' என்று தமிழிலேயே இணைய முகவரி பெறும் வசதியும் வந்தது. ஆயினும் முதற்பக்கத்தில் 'தமிழ்' என்று எழுதிவிட்டு, அதை அழுத்தினால் ஆங்கிலப் பக்கத்துக்கே கொண்டு செல்லும் தளங்கள் இன்றும் உள்ளன. அப்படியான தளத்துக்கு நான் நடுவராக இருந்தால் உள்ளடக்கத்தில் பாதிப் புள்ளி கூடக் கொடுக்க மாட்டேன்.

ஐந்து பெண்களும் ஒரு கைத்தொலைபேசியும்

நடுவராக இருக்கும் சந்தர்ப்பம் எனக்கு ஒருமுறை கிடைத்தது. இளைஞர் யுவதிகளுக்காக நடத்தப்பட்ட சிறிய போட்டி ஒன்றில் 'சமூகப் பயன்' என்ற பகுதிக்குப் புள்ளியிட என்னை அழைத்திருந்தார்கள். ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கருத்து ஒன்று எனக்கு நினைவில் இருந்தது. ஒரு தளத்தின் குறைகளில் பெரும்பகுதியைக் கண்டுபிடிக்க ஐந்து பேரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னாலே போதும் என்பது அது. எமது தையல் பயிற்சிக்கு வரும் ஐந்து பெண்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

அவர்களிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து மூன்று வேலைகளை மட்டும் சொன்னோம். இது யாருடைய தளம் என்று சொல்லுங்கள், ஒரு பொருளின் விலையைக் கண்டுபிடியுங்கள், தொடர்பு கொள்ளும் இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். நாங்கள் வாய் திறப்பதில்லை என்பது நிபந்தனை.

எல்லோரும் முதற்பரிசு என்று நினைத்திருந்த தளத்தில் படங்கள் ஓடின, இசை ஒலித்தது. ஓர் அக்கா சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "பிள்ளை, இது திறக்க முதலே என்ரை ரீலோட் காசு முடிஞ்சிடும் போலை கிடக்கு" என்றார். தொலைபேசி இலக்கத்தை ஐவரில் ஒருவர்தான் கண்டுபிடித்தார். மாணவி ஒருத்தி தனியாகச் செய்திருந்த தளத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. பெரிய எழுத்து, நான்கு பொத்தான்கள், மேலே தொலைபேசி இலக்கம். ஐவரும் மூன்று வேலைகளையும் முடித்துவிட்டார்கள். கணினி விரிவுரையாளரான சக நடுவர் தன் புள்ளித்தாளை வாங்கித் திருத்தி எழுதினார்.

முகங்களுக்கும் விலையா?

மூன்றாவதாகப் பார்த்த தளமே எங்களை நெடுநேரம் பேச வைத்தது. கணவனை இழந்த பெண்களின் கைப்பணிப் பொருட்களை விற்பதற்காக அது ஆக்கப்பட்டிருந்தது. நோக்கம் நல்லது, வடிவமைப்பும் நன்று. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் அருகில் அதைச் செய்த பெண்ணின் படம், பெயர், கிராமம், கணவர் எவ்வாறு இறந்தார், பிள்ளைகளின் வயது என்று எல்லாமே இருந்தன. "வாசிப்பவரின் மனதைத் தொடுகிறது" என்று ஒரு நடுவர் கூடிய புள்ளி கொடுத்திருந்தார்.

எமது ஐவரில் ஒருவர் அந்தப் பக்கத்தில் வேலை எதையும் செய்யவில்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டார். "இந்தப் பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடத்திலை ஆரும் இதைப் பாத்தா என்ன செய்யிறது? ஆம்பிளை இல்லாத வீடு எண்டு ஊர் பேரோடை போட்டிருக்கே" என்றார்.

எந்தப் புள்ளித்தாளிலும் அதற்கு ஒரு நிரல் இருக்கவில்லை. நான் அந்தத் தளத்துக்குப் புள்ளியிட மறுத்தேன். படத்தில் உள்ளவர்களிடம் சம்மதம் கேட்கப்பட்டதா என்று அறிந்து வரும்படி குழு தீர்மானித்தது. நான்கு பெண்களில் இருவருக்குத் தம் படம் இணையத்தில் இருப்பதே தெரியாது. ஒருவர் முகம் வேண்டாம், பின்னும் கைகளை மட்டும் போடுங்கள் என்றார். மற்றவர் பெயரோடு இருக்கட்டும், ஆனால் பிள்ளைகளின் விபரம் வேண்டாம் என்றார். தளத்தைச் செய்த இளைஞர்கள் அவ்வாறே மாற்றினார்கள். அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவர்கள் மனம் நொந்ததும் உண்மை.

எங்கள் துயரம் எங்களுடையது. அதை யார் பார்க்கலாம், எவ்வளவு பார்க்கலாம் என்று சொல்லும் உரிமையும் எங்களுடையதே. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கின்றது. உதவி செய்ய வருபவர் படம் எடுக்கும்போது "இது எங்கே போடப்படும்?" என்று கேட்பது நன்றி மறந்த செயல் ஆகாது.

நீங்களே நடுவர்

இனி ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

• இது யாருடையது? முகவரியும் தொலைபேசி இலக்கமும் உண்டா? அழைத்தால் பதில் வருகிறதா?

• தகவல் எப்போது எழுதப்பட்டது? திகதி இருக்கிறதா?

• எனக்கு வேண்டியதைப் பிறர் உதவியின்றிக் கண்டுபிடிக்க முடிகிறதா?

• தமிழில் முழுமையாக இருக்கிறதா, பெயருக்கு மட்டும் தமிழா?

• அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு என்று என்னிடம் கேட்பது எதற்கு? அவ்வளவும் தேவைதானா?

• இதில் படமாக இருக்கும் பெண், தன் வீட்டில் இருந்து இதைப் பார்த்தால் தலை நிமிர்ந்து பார்ப்பாளா?

கடைசிக் கேள்வி எந்தப் போட்டி விதியிலும் இல்லை. அதை அன்று புள்ளித்தாளுக்குக் கொண்டு வந்தவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாய். சங்கத்துக்கோ சிறு தொழிலுக்கோ யாரேனும் இணையத்தளம் அமைத்துத் தர வந்தால், அது வெளிவருவதற்கு முன் ஐந்து அங்கத்தவர்களிடம் காட்டும்படி கேளுங்கள். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லுங்கள், பிடிக்காததை நீக்கச் சொல்லுங்கள். உங்களுக்காக ஆக்கப்படும் ஒன்றுக்கு முதற் புள்ளியை இடவேண்டியவர் நீங்களே.