இயற்கை என்றால் பாதுகாப்பா?

மாணவர்களே, "கெத்தும் வெறும் இலைதான், இயற்கையானது, கெடுதல் இல்லை" என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். இலை என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள மித்ராஜினின் என்ற வேதிப்பொருள், மார்ஃபின் செயல்படும் அதே மூளை ஏற்பிகளில் செயல்படுகிறது. தொடர்ந்து குடித்தால் அடிமையாக நேரிடும். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது.

"இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை" என்ற வரியை நம்பாதீர்கள். மரத்துக்கு மரம் அந்த வேதிப்பொருளின் அளவு மாறும். எழுதியவர் எல்லா இலையையும் சோதித்தவர் அல்லர். ஊமத்தையும் இயற்கைதான், அதன் விதை உயிரையே பறிக்கும்.

படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: எழுதியவர் யார்? ஆதாரம் என்ன? அவரே அதை விற்கிறாரா? பதில் கிடைக்காவிட்டால், மருந்தாளரிடமோ ஆசிரியரிடமோ கேளுங்கள்.