நடுவரே கிடையாது... தப்பு பண்ணினா நீயே ஒத்துக்கணும்! பெசன்ட் நகர் பீச்சில் பறக்கும் தட்டு

சென்னை,

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு காலையில் வாக்கிங் போறவர்களுக்கு அந்த காட்சி பழகிப் போன ஒன்று. மணலில் வாலிபர்களும், இளம்பெண்களும் ஒரு பிளாஸ்டிக் தட்டை வீசி, துரத்தி, பாய்ந்து பிடிக்கிறார்கள். "இதென்னப்பா, சின்ன பசங்க விளையாட்டு" என்று சிலர் சிரித்துக் கொண்டே போவதும் உண்டு.

ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு விஷயம் உறைக்கும். விசில் ஊத ஆளே இல்லை! நடுவர் இல்லை, லைன் அம்பயரும் இல்லை. 2 பேர் மோதிக் கொண்டால் ஆட்டம் அப்படியே நிற்கிறது. அவர்களே பேசுகிறார்கள். அவர்களே முடிவு செய்கிறார்கள். அடுத்த நிமிடம் ஆட்டம் தொடர்கிறது.

இந்த விளையாட்டுக்கு பெயர் 'அல்டிமேட்'. 'அல்டிமேட் பிரிஸ்பீ' என்றும் சொல்வார்கள். நடுவர் இல்லாமல் ஒரு போட்டி எப்படி நடக்கும்? பொய் சொல்பவனை யார் கேட்பது?

கார் பார்க்கிங்கில் பிறந்த ஆட்டம்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் மேப்பிள்வுட் என்று ஒரு ஊர். அங்குள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968-ம் ஆண்டு ஆரம்பித்ததுதான் இந்த ஆட்டம். பள்ளியின் கார் பார்க்கிங்கில்தான் ஆடினார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் ஜோயல் சில்வர். பின்னாளில் 'மேட்ரிக்ஸ்' சினிமா படங்களை தயாரித்தவர் இவர்தான்!

மாணவர்கள் பொழுதுபோக்காக ஆடியதற்கு நடுவரை எங்கே போய் தேடுவது? அவர்களே ஆடி, அவர்களே தீர்ப்பும் சொல்லிக் கொண்டார்கள். அந்த பழக்கமே பிறகு சட்டமானது. இன்றைக்கு உலக சாம்பியன்ஷிப் பைனலில் கூட நடுவர் கிடையாது. இந்த விளையாட்டை நடத்தும் உலக பறக்கும் தட்டு சம்மேளனத்துக்கு 2015-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரமும் கிடைத்து விட்டது.

ஆட்டம் எப்படி?

தட்டின் எடை 175 கிராம். ஏறக்குறைய 3 கோழி முட்டை எடைதான். இதை 'டிஸ்க்' என்கிறார்கள். புல் மைதானத்தில் ஒரு அணிக்கு 7 பேர், பீச் மணலில் 5 பேர். புல் மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு கோல் பகுதி. எதிரணியின் கோல் பகுதிக்குள் நிற்கும் நம்ம ஆள் டிஸ்க்கை பிடித்து விட்டால் ஒரு பாயிண்ட். பெரிய போட்டிகளில் 15 பாயிண்ட் வரை ஆட்டம் போகும்.

டிஸ்க் கையில் இருந்தால் ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றி நின்ற இடத்தில் இருந்துதான் வீச வேண்டும். புல் மைதானத்தில் அதற்கு 10 வினாடிதான் டைம். அந்த 10 வினாடியை எண்ணுவது யார் தெரியுமா? எதிரே மறித்து நிற்கும் எதிரணி ஆள்! டிஸ்க் தரையில் விழுந்தால், கோட்டுக்கு வெளியே போனால், எதிரணி பிடுங்கினால்... வாய்ப்பு அவர்களுக்கு போய்விடும்.

ஆளைத் தள்ளுவது, பிடித்து இழுப்பது, மோதுவது எல்லாமே தப்பு.

தகராறு வந்தால்...

ஒரு உதாரணம். ஸ்கோர் 14-14. அடுத்த பாயிண்ட் எடுப்பவருக்கே வெற்றி. டிஸ்க் பறந்து வருகிறது. 2 பேர் எகிறுகிறார்கள். கை மோதுகிறது. டிஸ்க் கீழே விழுந்து விட்டது. பிடிக்கப் போனவர் "பவுல்" என்று குரல் கொடுக்கிறார். ஆட்டம் நின்று விடும்.

இப்போது எதிராளிக்கு 2 வழி. "ஆமா, என் கை பட்டுச்சு" என்று ஒத்துக் கொண்டால், டிஸ்க் பவுல் கேட்டவர் கைக்கு போகும். "இல்ல, நான் முதல்ல டிஸ்க்கைத்தான் தொட்டேன்" என்று மறுத்தால், இருவரும் தாங்கள் பார்த்ததை சொல்ல வேண்டும். கிட்டத்தில் நின்று நன்றாக பார்த்தவர்களிடமும் கேட்கலாம். அப்படியும் ஒத்துப் போகவில்லையா? டிஸ்க் மறுபடியும் முதலில் வீசியவர் கைக்கே திரும்பும். அந்த வீச்சே நடக்காத மாதிரி கணக்கு.

சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. ஒத்துப் போகாவிட்டால் யாருக்கும் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள், அவ்வளவுதான். அதனால் கத்தி சண்டை போடுவதில் பெரிய லாபம் கிடையாது.

இன்னொரு விஷயமும் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்ம அணிக்காரரே தப்பாக பவுல் கேட்டால், "டேய், அது பவுல் இல்ல" என்று நம்ம ஆளே சொல்வது நல்ல ஆட்டக்காரனுக்கு அடையாளம். கூட்டாளியை காட்டிக் கொடுப்பதாக அங்கே யாரும் நினைப்பதில்லை.

நம்ம தெருவில்...

தெரு கிரிக்கெட்டில் ரன் அவுட் தகராறு வந்தால் என்ன நடக்கும்? "என் பேட்டு, நான் அவுட் இல்ல" என்று பேட்டை தூக்கிக் கொண்டு வீட்டுக்கு போய்விடுவான் ஒருத்தன். கபடியில் "தொட்டேன்", "தொடல" என்று ஆரம்பித்து சட்டையைப் பிடிக்கும் வரை போவதும் உண்டு. குரல் பெரிசா இருக்கிறவன் ஜெயிப்பான். சின்னப் பையன், பொம்பளப் பிள்ளை பேச்சு எடுபடாது.

அல்டிமேட்டில் அந்த கதை நடக்காது. கலப்பு பிரிவில் ஆண், பெண் ஒன்றாக ஆடுகிறார்கள். பவுல் ஆனவர்தான் பவுல் கேட்க வேண்டும். கேட்பது 15 வயது பெண்ணாக இருந்தாலும், எதிரில் நிற்கும் 30 வயது ஆள் நின்று காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். சென்னை பீச்சில் ஐ.டி. கம்பெனி ஊழியரும், பக்கத்து மீனவர் குப்பத்து பையனும் ஒரே அணியில் ஆடுவார்கள். "சார்" என்று கூப்பிட வேண்டிய ஆளிடமே "நீங்க தள்ளினீங்க" என்று முகத்தைப் பார்த்து சொல்ல அந்த பையனுக்கு இங்கே உரிமை இருக்கிறது. வேறு எந்த இடத்தில் அது நடக்கும்?

சென்னை அல்டிமேட் அணி ஒன்றைப் பற்றி எடுத்த '175 கிராம்ஸ்' என்ற குறும்படம் 2015-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் பட விழா வரைக்கும் போனது.

நல்ல குணத்துக்கும் மார்க்!

நேர்மையை நம்பி மட்டும் விட்டு விடவில்லை. பெரிய போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு மார்க் போட வேண்டும். 5 கேள்விகள். விதி தெரிந்து ஆடினார்களா? உடம்பில் மோதாமல் ஆடினார்களா? நியாயமாக நடந்தார்களா? கோபத்தை அடக்கினார்களா? மரியாதையாக பேசினார்களா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். மொத்தம் 20. சாதாரணமாக நல்லபடி ஆடினால் 10 வரும். அதிக மார்க் எடுத்த அணிக்கு 'ஸ்பிரிட்' பரிசு தனியாக உண்டு.

ஆட்டம் முடிந்ததும் இன்னொரு வழக்கம். 2 அணியும் தோளில் கைபோட்டு, மாறி மாறி வட்டமாக நிற்பார்கள். நல்லதையும், மனசில் உறுத்தியதையும் அங்கேயே பேசி முடிப்பார்கள். ஆட்டத்தின் நடுவில் சூடு ஏறினாலும் கேப்டன்கள் ஆட்டத்தை நிறுத்தி, இரு அணியையும் இப்படி நிற்க வைக்கலாம்.

ஏமாற்ற முடியாதா?

முடியும். இங்கேயும் மனுஷங்கதான் ஆடுகிறார்கள். தோற்கிற நேரத்தில் இல்லாத பவுல் கேட்பவரும் உண்டு. அமெரிக்காவில் 2012-ல் தொடங்கிய தொழில்முறை லீக்கில் நடுவர்களை வைத்து விட்டார்கள். ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டையை வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள். நடுவர் தனக்கு சாதகமாக தப்பான தீர்ப்பு சொல்லி விட்டால், ஆட்டக்காரரே "இல்லை சார், நான்தான் தப்பு" என்று அந்த தீர்ப்பை மாற்றலாம்!

நடுவர் இருக்கும் ஆட்டத்தில் 'மாட்டாமல் இருந்தால் சரி' என்று தப்பு செய்ய தோன்றும். பார்த்து பிடிக்க வேண்டியது நடுவர் வேலை என்று பாரத்தை அவர் தலையில் போட்டு விடலாம். இங்கே அதற்கு வழியில்லை. கால் கோட்டில் பட்டதா, இல்லையா என்பது பல நேரம் அந்த காலுக்கு சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெயிக்க ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. டிஸ்க் கையில் இருக்கிறது. கூட்டாளிகள் குதிக்கிறார்கள். கால் கோட்டில் பட்டதை வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் "என் கால் வெளியே" என்று சொல்லி, டிஸ்க்கை எதிராளியிடம் கொடுத்து விட்டு, மறுபடியும் மறிக்க ஓட வேண்டும். பெசன்ட் நகர் மணலில் பிள்ளைகள் பழகுவது தட்டு வீச மட்டும் அல்ல, இதற்கும்தான்.