இடுப்பு வலிக்காரர்கள் நடக்கலாமா?

நாள்பட்ட இடுப்பு வலி என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொரு தடை போடுவார்கள். குனியாதே, கீழே உட்காராதே, மாடிப்படி ஏறாதே, பெல்ட் போடாமல் வெளியே போகாதே. எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலிக்கு இந்த அறிவுரை பொருந்தாது. பல நேரங்களில் அது வலியை மேலும் நீளவே செய்கிறது.

தசை பிடித்துக்கொண்ட முதல் ஓரிரு நாள் ஓய்வெடுப்பதில் தவறில்லை. அதையே வாரக்கணக்கில் தொடர்ந்தால் முதுகைத் தாங்கும் தசைகள் மெலியும், மூட்டுகள் இறுகும், இரவுத் தூக்கம் கெடும். அதன்பின் தெருமுனை வரை போய்வந்தாலே வலிக்கும். நடந்ததால்தான் வலித்தது என்று பயந்து மறுபடி படுத்துவிடுவோம். இப்படிச் சுருங்கிச் சுருங்கி வேலையை விட்டவர்களும், கல்யாணம் காட்சிக்குப் போவதையே நிறுத்திக்கொண்டவர்களும் எத்தனையோ பேர்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. குறிப்பிட்ட நோய்க் காரணம் எதுவும் தெரியாத வலிக்கானது அது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்கு விளங்கச் சொல்வதையும் அது சிகிச்சையாகவே பரிந்துரைக்கிறது. நம் ஊரில் தாராளமாகக் கொடுக்கப்படும் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. எலும்பு முறிவுக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ மருத்துவர் போடச் சொல்லும் பெல்ட் வேறு கணக்கு; அதை நாமாகக் கழற்றக் கூடாது.

‘எனக்கு ஜவ்வு விலகியிருக்கே, எலும்பு தேய்ஞ்சிருக்கே, நான் எப்படி நடப்பது?’ என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வலியே இல்லாதவர்களின் முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. ஆக, ஸ்கேன் தாளில் ‘தேய்மானம்’ என்று இருப்பதாலேயே முதுகு ஒடிந்துவிடப் போவதில்லை. தாளைப் பார்த்து ஆளை முடக்குவது நம் மருத்துவப் பழக்கத்தில் உள்ள பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன்.

வலி நீண்ட நாள் நீடித்தால் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறி உஷாராகிவிடும். ஒருமுறை திருடன் நுழைந்த வீட்டின் நாய், அதற்கப்புறம் பால்காரரைப் பார்த்தாலும் குரைக்கும் அல்லவா, அதுபோல. வலி பொய்யில்லை, மனப்பிரமையும் இல்லை. ஆனால் வலிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழிகிறது, உடைகிறது என்று பொருளில்லை. இது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எப்படித் தொடங்குவது? வலி அதிகமாக இருக்கும் நாளில்கூட உங்களால் முடிகிற அளவு எதுவோ, அங்கிருந்து. அது மொட்டைமாடியில் ஐந்து நிமிட நடையாக இருந்தாலும் சரி. அதை ஒரு வாரம் தினமும் செய்துவிட்டு, அடுத்த வாரம் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். பலரும் சறுக்குவது வலி குறைந்த நாளில்தான். ‘இன்னைக்குப் பரவாயில்லை’ என்று ஒட்டடை அடித்து, போர்வைகளைத் துவைத்து, ரேஷன் அரிசியையும் தூக்கி வந்துவிட்டு, மறுநாளிலிருந்து எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். நல்ல நாளில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். மோசமான நாளில் பாதியாவது செய்யுங்கள். பயிற்சியின்போது வலி சற்றே கூடி மறுநாளைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் பயப்பட ஒன்றுமில்லை. மறுநாளும் தணியவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள்.

நடையா, யோகாவா, தசை வலுவூட்டும் பயிற்சியா என்று குழம்ப வேண்டாம். உங்களால் விடாமல் செய்ய முடிகிற எதுவும் நல்லது. ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்று பெண்களிடம் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். குனிந்து கூட்டுவதும் நின்றபடி சமைப்பதும் ஒரே தசைகளைத் திரும்பத் திரும்பக் களைக்கச் செய்யும் உழைப்பு. தனக்கென்று அரை மணி நேரம் நடக்கப் போகிற அம்மாவின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொள்வது வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டிய சிகிச்சை.

சில அறிகுறிகள் தெரிந்தால் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் திடீரெனப் பலமிழப்பது ஆகியவை அவசர நிலை. காய்ச்சலோடு வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி, வயதானவர் விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடக்க நடக்க இளகினால் அது வாத நோயாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்துகள் உண்டு.

இன்னொரு ஆபத்து மருந்துக்கடையிலும் சந்தையிலும் இருக்கிறது. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் மருத்துவர் சீட்டின்பேரில் விற்க வேண்டியவை. மாதக்கணக்கில் தாமாக வாங்கி விழுங்கினால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும். பெயர் தெரியாத பொடியோ உருண்டையோ இரண்டே நாளில் வலியை மாயமாக்கி, சில வாரங்களில் முகத்தை ஊதச் செய்து, சர்க்கரையையும் ஏற்றினால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

முறையான பயிற்சிக்குப் பணம் தடையாக இருக்கக் கூடாது. அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுக்க வழி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சிகிச்சை ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வேறு மருத்துவரிடம் போகும்போது அவை இருந்தால் ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

வேலையிடத்தில் என்ன கேட்கலாம்? ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், தகுதிக் காலம் நிறைந்திருந்தால், நோய் விடுப்பில் 70 சதவீத ஊதியத்தை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாள்பட்ட வலி அதில் தனி வகையாக இல்லை. ஆனால் வலிக்குக் காரணமான நோய் இயக்கக் குறைபாட்டை உண்டாக்கியிருந்தால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றையும்விட எளிய உரிமை ஒன்று நாற்காலி. கேரளம் 2018இல் வழிகாட்ட, தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர்கள் உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்ய வேண்டும் என்கிறது அது. நாள் முழுக்க நிற்பதும் நாள் முழுக்கப் படுப்பதும் முதுகுக்கு ஒன்றுதான். மாறி மாறி உட்கார்ந்து எழுவதுதான் அதற்கு வேண்டியது. இருக்கை தராத கடை மீது தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். வேலை போய்விடுமோ என்று ஊழியர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள். அவர்களுக்காக நாம் கேட்கலாம். அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது, புடவை எடுத்துப் போடுகிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பில் போடும் முன் மேலாளரிடம் காரணம் கேளுங்கள்.