பக்கத்து நாட்டில் குடித்தனம்

திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அங்கிருந்து கண்டி சுமார் 115 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் வந்துசேர மூன்று, நான்கு மணி நேரம் ஆகிவிடும். "துபாயா, அமெரிக்காவா? இதோ இருக்கிற சிலோன்தானே, அங்கேயும் தமிழ்தானே" என்று சொல்லித்தான் கும்பகோணத்துச் சொந்தங்கள் என்னை அனுப்பி வைத்தார்கள். தூர தேசம் போகிறவர்களுக்கு ஆளாளுக்குப் புத்தி சொல்வார்கள். பக்கத்து நாட்டுக்கு வருகிறவருக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணவருக்குக் கண்டியை ஒட்டிய பல்லேகலையில் வேலை. எங்கள் வீடு உடவத்தகெலே காட்டை ஒட்டிய மேட்டில் இருக்கிறது. இங்கே மொட்டைமாடியில் வடகம் போட முடியாது. மழை விட்டால் குரங்குகள், குரங்குகள் போனால் மழை. ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப் புடவையிலும் பூஞ்சை பிடிக்கிறது. ஊரிலிருந்து தூக்கிவந்த மிக்ஸியின் உருண்டை முள் இங்குள்ள சதுரத் துளைகளில் நுழையாது. இவையெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

பழகாதது மாசி. நான் சைவம். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, இறுகக் காயவைத்து இடித்தால் அதுதான் மாசி. தேங்காய்ச் சம்பலில் இருக்கும், சில வீடுகளில் பருப்பிலும் கீரையிலும் இருக்கும், பேக்கரியில் விற்கும் பணிசுக்குள் வைத்த சீனிச் சம்பலிலும் இருக்கும். "மீன் போட்டிருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்று மனதாரச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மிளகு, சீரகத்தோடு அதையும் ஒரு சரக்காகவே எண்ணுகிறார்கள். "மாசி போட்டதா?" என்று பேர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஃபில்டர் காப்பிக்கும் பாடுதான். இங்கே பெரும்பாலான வீடுகளில் பால்மா கலந்த தேநீர். இதே மலைகள் ஒரு காலத்தில் காப்பித் தோட்டங்களாக இருந்தவை. 1869-இல் கண்ணில் பட்ட இலைத்துரு நோய் அவற்றை அழித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1867-இல், கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வேலைசெய்ய அழைத்து வரப்பட்டவர்கள் நம் தஞ்சை, திருச்சி, மதுரை, ராமநாதபுரப் பக்கத்து ஏழைகள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் ஏராளமானோர் வழியிலேயே இறந்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா அந்த வம்சம். என் புலம்பலெல்லாம் அவரிடம்தான். என் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்வருவதில் ஒரு நாள் முழுதும் கரையும். ஒரு வங்கியில் கணக்குத் திறக்கப் போனால், படிவத்தில் அடையாள அட்டை இலக்கத்துக்கான கட்டத்தை நான் காலியாக விட்டதாலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்த எரிச்சலை அக்காவிடம்தான் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு வந்த ஓர் அரசாங்கக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். முழுக்கச் சிங்களம். 1987-இல் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிவிட்டது, பஸ் பலகையிலும் தமிழ் இருக்கிறது. இருந்தும், கண்டியிலேயே பிறந்து வளர்ந்த அவர் தன் கடிதத்தைப் படிக்க மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் வெளிநாட்டுக்காரி, என்றைக்காவது ஊர் திரும்பிவிடுவேன். அவர் எங்கே திரும்புவது?

அவர் குடும்பத்தில் பாதியைத் திருப்பி அனுப்பியே விட்டார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அக்காவின் சித்தப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.

"மண்டபம் கேம்புல கெடந்தாங்க தங்கச்சி. அப்புறம் கூடலூர் தேயிலைத் தோட்டம். அங்க போயும் எல்லாரும் சிலோன்காரன்னுதான் கூப்புட்டாங்களாம். இங்க இருந்தவரைக்கும் இந்தியாக்காரன்."

தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டேன்டீ. அதன் தேயிலைப் பொட்டலத்தைக் கும்பகோணத்தில் பல வருடம் வாங்கியிருக்கிறோம். அந்தத் தோட்டங்களில் யார் கொழுந்து பறிக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில், மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது, கேஸும் கிடைக்கவில்லை. அம்மா தினமும் போன் செய்து, கிளம்பி வந்துவிடு என்று அழுதார். அக்கா தன் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, விறகு வைத்து, என் சோற்றையும் சேர்த்தே வடித்தார். அவர் மாசி போட்டுச் சமைக்கிறவர். எனக்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார்.

இப்போது அவர் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார். சித்தப்பாவின் பிள்ளைகளைப் பார்க்கக் கூடலூர் போகிறார். இந்திய விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக்கொடுக்கிறேன். கோவையில் இறங்கி எந்த பஸ் பிடிப்பது, எவ்வளவு குளிரும், ரூபாய் எங்கே மாற்றுவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.