வேனில் மல்லிகையும் கார்த்திகைக் கத்தரியும்

குளிர்நாடுகளில் வசந்தம் தானே வருகின்றது. பனிக்காலமெல்லாம் உறங்கிக் கிடந்த செடிகள் வெயில் சற்றே உறைக்கத் தொடங்கியதும் விழித்துப் பூக்கின்றன. டூலிப் முதலிய கிழங்குச் செடிகளுக்குப் பல வாரக் குளிர் கிடைத்தாலன்றிப் பூங்காம்பு செவ்வனே நீளாது. நம் தமிழ்நாட்டுச் சமவெளியில் அத்தகைய குளிர் ஏது? இங்குச் செடியை உறங்கச் செய்வது பெரும்பாலும் வறட்சியே. கொன்றை, வேம்பு முதலிய பெருமரங்கள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. பழைய இலையை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறுங்கால் பூத்து நிற்கின்றன. ஆனால், வீட்டுக் கொல்லையில் நாள்தோறும் நீர் குடித்து வளரும் மல்லிகைக்கு அவ்வுறக்கத்தைத் தருபவர் யாவர்? வளர்ப்பவரே தரல் வேண்டும்.

குண்டு மல்லிகை புதிதாய்த் துளிர்த்த கிளைகளின் நுனியில் மொட்டு விடும் இயல்பினது. ஆகவே, பழங்கிளைகள் அடர்ந்து கிடப்பின் செடி பசுமையாய்த் தோன்றுமேயன்றிப் பூ மிகுதியாய்த் தோன்றாது. இதனையறிந்த குடியானவர் நவம்பர் இறுதியில், அஃதாவது கார்த்திகை நடுவில், நீர் விடுதலை நிறுத்தி, தரையினின்று ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் உயரத்தில் செடியை வெட்டிவிடுகின்றனர். எஞ்சிய இலைகளையும் உருவிவிடுவதுண்டு. பிறகு அடிமண்ணைக் கொத்தி, தொழுவுரமிட்டு, மீண்டும் நீர் விடுவர். மார்ச்சு தொடங்கி ஜூலை வரையில் பூ மிகும். முல்லைக்கோ கத்தரிக்கும் காலம் தை மாதமாம்.

வீடுகளில் இவ்வேலை நடைபெறுவது அரிது. பச்சைச் செடியில் கத்தரி வைக்கப் பெரியோர்க்கு மனம் வருவதில்லை. அந்த இரக்கத்தின் பயனாகச் செடி புதராகி, சித்திரையில் ஒரு முழம் தொடுக்கவும் பூத் தேறாமல், தெருவில் விற்போரிடம் வாங்க நேர்கின்றது!

மல்லிகை மொட்டு அந்தியில் விரிவது. இரவில் பறக்கும் விட்டில்களை அழைப்பன அதன் வெண்மையும் மணமுமே. ஆயினும் நாம் வளர்க்கும் குண்டு மல்லிகை காய்ப்பது மிக அரிது. அதனால் விதையை நாடாமல், பதியன் போட்டும் போத்து நட்டும் பெருக்குகின்றோம். 2013-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இவ்வினத்ததே. மாலைக்கு வேண்டிய மொட்டை விடியற்காலையிலேயே பறித்துவிடல் வேண்டும். வெயில் ஏறியபின் பறித்தது விரைவில் வாடும்.

மொட்டு விரியாமலே ஊதாநிறமேறி வாடுமாயின் புழு துளைத்ததென்று கொள்க. அத்தகைய மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிடுக. செடியடியில் உதிரவிடுதல் ஆகாது.