ஷெட்டுக்குள் எலி: மருந்துக்கு முன் ஓட்டையைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு வேலை கூடிவிடும். "ராத்திரி நல்லா நின்ன வண்டி, காலையில ஸ்டார்ட்டே ஆகல" என்று போன் வரும். பானெட்டைத் திறந்தால் வயர்கள் கடிபட்டுக் கிடக்கும். பேட்டரி மேல் புழுக்கை இருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தேங்காய் நாரும் கந்தல் துணியுமாக ஒரு கூடு. வளைக்குள் மழைநீர் இறங்கியதும் எலிகள் காய்ந்த இடம் தேடி மேலே வருகின்றன. கார் ஷெட்டும், பழைய சாமான் போட்டுவைக்கும் அறையும் அவற்றுக்கு வசதியான இடங்கள். அங்கே ஆள் நடமாட்டம் குறைவு, ஒளிய இடம் நிறைய, ஓடி நின்ற இன்ஜினில் வெகுநேரம் சூடும் இருக்கும்.

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை, ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல். கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அதனால் சாப்பிட முடியும். அதனால் வயர், பிளாஸ்டிக், மரக்கதவு எதையும் விடாது.

எலி வந்தது தெரிந்ததும் எல்லோரும் மருந்து வாங்கப் போகிறார்கள். அது எந்த வழியாக உள்ளே வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு பெண் எலி மூன்று வாரத்தில் ஆறேழு குட்டி போடும். வழியைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு எலியைக் கொன்றால், அந்த இடத்துக்குப் பக்கத்துக் காலிமனையிலிருந்து வேறு நான்கு வரும். எலி ஒழிப்பில் முக்கால் பங்கு கொத்தனார் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வழியைக் கண்டுபிடிக்க நம் வீட்டிலேயே கருவி உண்டு. இரவில் சுவரோரமாகக் கல் கோலமாவைத் தூவி வையுங்கள். அரிசி மாவு வேண்டாம், அதைத் தின்றுவிடும். காலையில் கால்தடம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எலிக்குப் பார்வை மங்கல். மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடுவதால், போகும் தடத்தில் உடம்பின் எண்ணெய்ப் பசை கறுப்பாகப் படிந்திருக்கும். அதையும் பாருங்கள்.

சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பென்சில் நுழையும் இடத்தில் அதுவும் நுழைந்துவிடும். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ரப்பரால் அடைத்தால் கடித்துவிடும், தகடு வைத்து அடையுங்கள். கழுவுநீர் போகும் ஓட்டைக்கு இரும்பு ஜாலி போடுங்கள். சுவர் ஓட்டைக்குக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமென்ட் பூசுவது பழைய கொத்தனார்களின் கை வழக்கம், இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வீட்டெலி நன்றாக ஏறும். கூரையைத் தொடும் தென்னமட்டையையும் முருங்கைக் கிளையையும் வெட்டிவிடுங்கள். தோப்புகளில் தென்னையைச் சுற்றித் தகரம் கட்டுவார்களே, வழுக்கும் தகரத்தில் எலியால் ஏற முடியாது என்ற அந்த அறிவு ஷெட்டின் குழாய்களுக்கும் பொருந்தும். பெருச்சாளி தரைக்கடியில் தோண்டி வரும். அதற்கு அஸ்திவார ஓரம் மண்ணோடு விடாமல், சிமென்ட் தளம் போட வேண்டும்.

கோழித்தீவனம், நாய்க்குப் போடும் பிஸ்கட், நெல் மூட்டை, எதுவாக இருந்தாலும் தகர டிரம்மில் மூடி வையுங்கள். இன்ஜினுக்குள் புகையிலைக் காம்பு கட்டுவோர் உண்டு. வாசனை தீரும்வரை ஓரளவு பலன் இருக்கலாம், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அல்ட்ராசானிக் கருவிக்குப் பணம் போடாதீர்கள். இவற்றின் விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது.

உள்ளே தங்கிவிட்டதைப் பிடிக்கப் பொறியே போதும். எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். அதனால் பொறியைச் சுவரோரம் வைத்து, விசையை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ மட்டும் போடுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு விசையை ஏற்றுங்கள். நீள மூக்கோடு கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு மாட்டினால் விட்டுவிடுங்கள். அது எலி இனமே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்பது.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது, தூசி பறக்கும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண்ணோடு வெறுங்காலில் இறங்காதீர்கள்.

இனி விஷம். 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு, ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயுவாக மாறும். வீட்டோடு ஒட்டிய ஷெட்டிலும் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன், தொழில்முறை ஆட்கள் வந்து வைத்தாலும் என்ன மருந்து என்று கேளுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை இதைவிடக் கொடியது, ஏனென்றால் அது முதலில் ஏமாற்றும். உட்கொண்டவருக்கு வாந்தி வரும், பிறகு ஓரிரு நாள் தெளிவாக இருப்பார், வீட்டார் நிம்மதியடைவார்கள். அதற்குப் பிறகு கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையால் சிலரைக் காப்பாற்றுகிறார்கள். அரசு தடை விதித்த பிறகும் எங்காவது இந்தப் பசை விற்பதைப் பார்த்தால் வேளாண் துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கிய ட்யூப் பரணில் கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கோபத்திலும் துக்கத்திலும் இருக்கும் ஒருவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கக் கூடாது.

யாராவது தின்றுவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்க வேண்டாம். வாந்தி எடுக்கவைக்க முயலவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள், மருந்தின் அட்டையையோ ட்யூபையோ கையோடு கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் எதற்கு எதைச் செய்வது என்று முடிவெடுக்க முடியும்: நீலக் கட்டியாக விற்கும் புரோமடியோலோனுக்கு வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது, பசைக்கு அது உதவாது.